கொடுத்தவருக்குச் சிறை! பறித்தவருக்குப் புகழ்!

'திருப்பித் தருகிறோம்' என்று ஓர் அருங்காட்சியகம் அறிவிக்கிறது. உடனே எழுகிறது பாராட்டொலி! "என்னே பெருந்தன்மை!" என்கிறது ஏடு. "இதுவன்றோ பண்பாடு!" என்கிறார் பேராசிரியர். மேடை அமைக்கிறார்கள், கைகுலுக்குகிறார்கள், படம் எடுத்துக்கொள்கிறார்கள். தந்தவர் முகத்திலே வள்ளலின் புன்னகை. பெற்றவரோ நன்றி கூறியாக வேண்டும்!

திருப்பித் தருவது நல்ல செயல்தான். அதை நாம் குறை கூறவில்லை. ஆனால், தந்த நாளை மட்டும் கொண்டாடிவிட்டு, எடுத்த நாளைப் பற்றி வாய் திறவாதிருப்பது என்ன முறை? பொருள் எப்படி வந்தது? யார் கையிலிருந்து வந்தது? அந்தக் கையிலே அப்போது விலங்கு பூட்டியிருந்ததா, இல்லையா? இவற்றைக் கேட்டறிந்த பிறகல்லவா வள்ளல் பட்டத்தை யாருக்குச் சூட்டுவது என்று முடிவு செய்யலாம்! கனடா நாட்டின் மேற்குக் கரையிலே நடந்த ஒன்றை எடுத்துக்கொண்டு இதனை ஆராய்வோம்.

பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில், வான்கூவர் தீவின் வடபகுதியிலும் அதனை அடுத்த கரையிலும் சிறு தீவுகளிலும் குவாக்குவாக்கியவாக்கு என்னும் மக்கள் வாழ்கிறார்கள். பெயர் நம் நாவுக்குச் சற்றே முரடாகத் தோன்றும், பொருளோ இனிக்கும். 'குவாக்வாலா மொழி பேசுவோர்' என்பதே அதன் பொருள். ஆண்டவன் பெயராலன்று, அரசன் பெயராலன்று, மொழியின் பெயரால் தம்மை அழைத்துக்கொள்ளும் மக்கள்! வெள்ளையர் இவர்களை 'இந்தியர்' என்று எழுதி வைத்தார்கள். கொலம்பஸ் வழி தவறியதற்கு ஒரு கண்டமே சுமந்த தண்டனை அந்தப் பெயர்.

இந்த மக்களின் வாழ்விலே நடுநாயகமாக விளங்குவது பாட்லாச் என்னும் விழா. 'கொடுத்தல்' என்று பொருள்படும் சொல் அது. பெயர் சூட்டுவதானாலும், திருமணமானாலும், இறந்தாரை நினைவுகூர்வதானாலும், பட்டம் ஏற்பதானாலும், பல ஊராரையும் அழைத்து, நாள்கணக்கில் விருந்திட்டு, முகமூடி அணிந்து ஆடிப் பாடி, முடிவிலே வந்தோர் அனைவருக்கும் பொருள் வழங்குவார்கள். நம் ஊரிலே மொய் எழுதுவதை நினைத்துக்கொள்ளுங்கள், ஆனால் தலைகீழாக! இங்கே வந்தவர் தருகிறார், அழைத்தவர் பெறுகிறார். அங்கே அழைத்தவர் தருகிறார், வந்தவர் பெறுகிறார். பெற்றவர் சும்மா பெறவில்லை, அவர் சாட்சி. இன்னாருக்கு இன்ன பெயர் உரியது, இந்தப் பாடலும் இந்த ஆடலும் இந்த முகமூடியும் இன்ன குடும்பத்துடையவை என்று அவர் கண்டார், கேட்டார், ஏற்றார். எழுதிய பத்திரம் இல்லாத சமுதாயத்தில் அதுவே பத்திரப் பதிவு. முகமூடியைக் கலைப்பொருள் என்று மட்டும் எண்ணுவோர் இதனை மறந்துவிடுகிறார்கள். ஒரு குடும்பத்தின் உரிமைச் சீட்டு அது.

இத்தகைய விழாவுக்கு எதிராகத்தான் 1884-இல் கனடா அரசு சட்டம் செய்தது. 1885-ஆம் ஆண்டின் முதல் நாளிலிருந்து பாட்லாச் நடத்துவது குற்றம். இரண்டு மாதம் முதல் ஆறு மாதம் வரை சிறை! திருடினால் சிறை என்று சட்டம் கண்டிருக்கிறோம். கொடுத்தால் சிறை என்று சட்டம் கண்டிருக்கிறீர்களா, தோழர்களே?

காரணம் கூறினார்கள், பாதிரிமாரும் அதிகாரிகளும். இந்த மக்கள் சேர்த்து வைப்பதில்லையாம். ஈட்டியதை எல்லாம் ஈந்தே அழிகிறார்களாம். இந்தப் பழக்கம் இருக்கும்வரை திருச்சபைக்கும் வரமாட்டார்கள், 'நாகரிகத்துக்கும்' வரமாட்டார்களாம். எவன் மிகுதியாகச் சேர்த்தானோ அவனே பெரியவன் என்று எண்ணும் கூட்டத்திற்கு, எவன் மிகுதியாகக் கொடுத்தானோ அவனே பெரியவன் என்று எண்ணும் கூட்டம் பைத்தியக்காரக் கூட்டமாகத் தெரிந்ததில் வியப்பில்லை.

பாட்லாச் நடந்த அந்தச் சமுதாயம் பொன்னுலகம் என்று நாம் சொல்ல வரவில்லை. அங்கே பிறப்பால் உயர்ந்தோர் இருந்தனர், பொதுமக்கள் இருந்தனர், முற்காலத்தில் போரிலே பிடிபட்ட அடிமைகளும் இருந்தனர். பட்டமும் பெயரும் வழிவழியாக வருபவை. பிறப்பினால் உயர்வு பேசும் முறை எந்தக் கடலோரத்தில் இருந்தாலும் நமக்கு உடன்பாடன்று. ஆனால், கனடா அரசின் சட்டம் அந்த ஏற்றத்தாழ்வை ஒழிக்கவா வந்தது? இந்த மக்கள் தம் நிலவுரிமைக்காக வழக்காடப் பணம் திரட்டுவதே குற்றம் என்று 1927-இல் விதித்து, 1951 வரை அதனை வைத்திருந்த அரசு அது. தம் பழங்குடித் தகுதியைத் துறக்காமல் நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களிக்கும் உரிமையை இவர்களுக்கு 1960 வரை தராத அரசு அது. சமத்துவத்தின் பெயரால் அந்த அரசு எதையும் செய்யவில்லை. தலைவன், குடி, அடிமை என்று இருந்த அடுக்கின் மேலே, அனைவரையும் மிதிக்கும் புதிய அடுக்கு ஒன்றை ஏற்றியது. அவ்வளவுதான்.

முதலிலே சட்டம் ஏட்டளவில் கிடந்தது. அதற்குப் பல் முளைக்க வைத்தவர் ஒரு கவிஞர்! ஆம், கவிஞர்தான். 1913 முதல் 1932 வரை ஒட்டாவாவில் பழங்குடியினர் துறையின் தலைமை அதிகாரியாக இருந்த டங்கன் கேம்பெல் ஸ்காட், கனடாவின் புகழ்பெற்ற ஆங்கிலக் கவிஞருள் ஒருவர். 1898-இல் வெளியான 'ஒனன்டாகா மடோனா' என்னும் அவருடைய பதினான்கடிப் பாடலிலே, ஒரு பழங்குடித் தாயும் சேயும் மறைந்துகொண்டிருக்கும் ஓர் இனத்தின் கடைசிச் சுடர்களாகக் காட்டப்படுகிறார்கள். பாட்டிலே இரக்கம் வழிகிறது. ஆனால் அலுவலகத்துக்குச் சென்றதும் பேனாவின் மை மாறிவிடுகிறது! பழங்குடிப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவதைக் கட்டாயமாக்கி, மறுக்கும் பெற்றோரைத் தண்டிக்கவும் வழி செய்த 1920-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின் பின்னே இருந்தவர் அவரே. தனி இனம் என்று எவரும் எஞ்சாமல் கரைந்துபோகும்வரை தொடர்வதே நோக்கம் என்று நாடாளுமன்றக் குழுவின் முன் சொன்னவரும் அவரே. மறைகிறார்களே என்று பாட்டிலே உருகியவர், மறைவதற்கு ஆவன செய்துகொண்டிருந்தார். இலக்கியத்தை அழகுக்காக மட்டும் படிக்க வேண்டும், ஆசிரியர் என்ன செய்தார் என்று பார்க்கலாகாது என்று நமக்குப் பாடம் சொல்லும் திறனாய்வாளர்கள், இந்தப் பாட்டை ஒருமுறை எடுத்து வைத்துக்கொண்டு பேசட்டும்!

1918-இல் சட்டத்திலே ஒரு மாற்றம். அதன்பின், அந்தந்த வட்டாரத்துப் பழங்குடியினர் ஏஜண்டே மாஜிஸ்திரேட்டாக அமர்ந்து பாட்லாச் வழக்கை விசாரிக்கலாம். புகார் கூறுபவர் அவர். தீர்ப்புக் கூறுபவரும் அவர்! அலர்ட் பே என்னும் ஊரில் அந்தப் பதவியில் இருந்தவர் வில்லியம் ஹாலிடே.

1921 டிசம்பரில் வில்லேஜ் தீவிலே டான் கிரான்மர் என்பவர் பெரும் பாட்லாச் ஒன்றை நடத்தினார். குளிர்காலம், கடல் கொந்தளிக்கும், ஏஜண்டு எட்டிப் பார்க்க மாட்டார் என்று எண்ணினார்கள். ஆறு நாள் விழா! வழங்கிய பொருள்களின் பட்டியலைப் பாருங்கள்: மரக்கலங்கள், மோட்டார் படகுகள், பில்லியர்ட்ஸ் மேசைகள், தையல் இயந்திரங்கள், கிராமபோன் பெட்டிகள், மாவு மூட்டைகள், கம்பளிகள், ரொக்கப் பணம். இவர்களைப் பழமையிலே உறைந்து போனவர்கள் என்று அருங்காட்சியகத்தின் விளக்கச் சீட்டுகள் வருணித்தன. உறைந்து போனவர்களா கிராமபோன் பெட்டியைப் பரிசாகத் தந்தார்கள்? தம் காலத்தில் வந்த புதுப்பொருளைத் தம் முறைக்குள் இழுத்துக்கொண்ட உயிர்த்துடிப்புள்ள சமுதாயம் அது. அருங்காட்சியகத்திற்கு முகமூடி வேண்டும். தையல் இயந்திரம் வேண்டாம். ஏனெனில் தையல் இயந்திரத்தைப் பக்கத்திலே வைத்தால், 'மறைந்துபோன மக்கள்' என்று எழுத முடியாதே!

செய்தி ஹாலிடேயின் காதுக்கு எட்டியது. நாற்பத்தைந்து பேர் மீது வழக்கு. என்ன குற்றம்? சொற்பொழிவு ஆற்றினார்கள்! ஆடினார்கள்! பரிசுப் பொருளைத் தூக்கிச் சென்று உரியவரிடம் தந்தார்கள்! இவைதாம் குற்றங்கள். அடுத்து வந்தது பேரம். சிலரல்லர், அந்த இனக்குழு முழுவதும் தம் விழாப் பொருள்களை ஒப்படைத்தால், குற்றவாளிகளுக்குச் சிறையில்லை, தண்டனை நிறுத்தி வைக்கப்படும். இதற்குச் சட்டத்தில் இடமில்லை. ஆயினும் நீதிபதியும் அவரே, வழக்கைத் தொடுத்தவரும் அவரே என்றால், சட்டம் எங்கே போய் முறையிடும்? 22 பேருக்குத் தண்டனை நிறுத்தி வைக்கப்பட்டது. ஆணும் பெண்ணுமாக 20 பேர் வான்கூவருக்கு அருகேயிருந்த ஓக்கலா சிறைக்கு அனுப்பப்பட்டார்கள். முதல் முறையாயின் இரண்டு மாதம், மறுமுறையாயின் மூன்று மாதம்.

தாயைச் சிறைக்கு அனுப்புவதா, பாட்டன் அணிந்த முகமூடியைக் கொடுப்பதா என்று கேட்டு வாங்கிய பொருள்கள் இவை. 'சேகரிப்பு' என்று இதற்குப் பெயர்! அகராதி எழுதுவோர் சற்று வெட்கப்பட வேண்டும்.

ஒப்படைத்த முகமூடிகளையும் கிலுகிலுப்பைகளையும் சீழ்க்கைகளையும் செப்புக் கேடயங்களையும் அலர்ட் பேயில் ஆங்கிலிக்கன் திருச்சபைக் கூடத்தின் பலகைகளிலே பரப்பி வைத்தார் ஹாலிடே. பார்க்க வருவோரிடம் கட்டணமும் வசூலித்தார்! பேய்த்தனம், காட்டுமிராண்டித்தனம் என்று தடுக்கப்பட்ட பொருளைத் தேவாலயத்தார் கூடத்திலேயே வைத்துக் காசு வாங்கலாம். உரியவர் தம் வீட்டிலே வைத்திருக்கக்கூடாது! நியூயார்க்கிலிருந்து வந்த ஜார்ஜ் ஹை என்னும் பெருஞ்செல்வச் சேகரிப்பாளருக்கு முப்பதுக்கும் மேற்பட்ட பொருள்களை அங்கேயே விற்றார். எஞ்சியவை ஒட்டாவா தேசிய அருங்காட்சியகத்திற்குப் பயணமாயின. ஒரு பகுதி டொராண்டோவின் ராயல் ஒன்டாரியோ அருங்காட்சியகத்திற்குச் சென்றது. சில பொருள்கள் கவிஞர் ஸ்காட்டின் சொந்தச் சேகரிப்பிலும் போய்ச் சேர்ந்தன. நூற்றுக்கணக்கான பொருள்களுக்கு ஈடாக அரசு ஒதுக்கிய தொகை 1,495 டாலர். செப்புக் கேடயம் கைமாறும்போதெல்லாம் மதிப்பு உயரும். ஒரு குடும்பத்தின் தலைமுறைச் செல்வம் அது. அதற்கு ஒரு காசும் ஈடில்லை.

இங்கேதான் பகுத்தறிவுத் தோழர்கள் சிலர் நம்மைக் கேட்கக்கூடும்: "ஆவி புகுந்து ஆட்டுவிக்கிறது என்று நம்பி அணியும் முகமூடிதானே! போனால் போகட்டுமே! மூடநம்பிக்கைக்கு நாம் வாதாடலாமா?"

கேட்க வேண்டிய கேள்வி. மழுப்பாமல் விடை கூற வேண்டிய கேள்வி. முகமூடிக்குள் ஆவி இருக்கிறது என்று நாம் நம்பவில்லை. சிலுவைக்குள்ளும் ஒன்றும் இல்லை என்பதே நம் கருத்து. இறந்தவர் மூன்றாம் நாள் எழுந்தார் என்று நம்பியவர்கள், காக்கை கதிரவனைத் திருடி வந்து உலகுக்கு ஒளி தந்தது என்று கதை சொல்லும் வடமேற்குக் கரையோரைப் பார்த்து, 'மூடர்களே' என்றார்கள். ஒரு நம்பிக்கை கையிலே துப்பாக்கி வைத்திருந்தது. மற்றொன்றிடம் அது இல்லை. வேறுபாடு அவ்வளவே. அங்கே பகுத்தறிவு எந்தப் பக்கத்திலும் நிற்கவில்லை.

நாமும் சாமியாடியின் உடுக்கையைக் கண்டிக்கிறோம். மேடையேறிக் கண்டிக்கிறோம், ஏட்டிலே எழுதிக் கண்டிக்கிறோம், அவரோடு வாதாடிக் கண்டிக்கிறோம். அவரைப் பிடித்துச் சிறையில் போட்டுவிட்டு, உடுக்கையைக் கொண்டுபோய் விற்றுக் காசாக்கினால், அதற்குச் சீர்திருத்தம் என்றா பெயர்? ஒரு மனிதனின் நம்பிக்கை தவறு என்பதனால் அவன் பொருள் நமக்குச் சொந்தமாகிவிடாது. அவன் திருந்துவதானால் அவனே எண்ணித் திருந்த வேண்டும். அந்த மக்களுக்குள்ளேயே கேள்வி கேட்கும் இளைஞர்கள் எழ வேண்டும். ஏஜண்டின் தடி செய்தது என்ன? முகமூடியைக் கேள்வி கேட்டிருக்கக்கூடிய இளைஞனையும், அதைக் காத்து நிற்க வேண்டிய கட்டாயத்திற்கு ஆளாக்கியது. பாட்டனையும் பேரனையும் எதிரெதிரே நின்று வாதாட விடாமல், இருவரையும் ஒரே சிறையில் அடைத்தது. ஆதிக்கக்காரனின் கைக்குப் போன 'மூடநம்பிக்கை ஒழிப்பு' எப்படிப்பட்ட கொள்ளைக்கு உரிமைச் சீட்டாகும் என்பதை மற்றவரைவிட நாம் அறிந்திருக்க வேண்டும். அந்தச் சொல் நம் சொல். அதைக் கொண்டு நடந்த களவைக் கண்டும் காணாதிருந்தால், கெடுவது நம் சொல்லின் மானம்.

தடைச் சட்டம் 1951-இல் மறைந்தது. எப்படி மறைந்தது? தவறு செய்தோம் என்று கூறி நீக்கினார்களா? இல்லை. சட்டத்தைத் திருத்தி எழுதியபோது அந்தப் பிரிவைச் சேர்க்காமல் விட்டுவிட்டார்கள். பொருள்களோ ஒட்டாவாவிலேயே கிடந்தன. உரியவர்கள் கேட்டுக் கேட்டு, எழுபதுகளிலே தேசிய அருங்காட்சியகம் இசைந்தது. ஆனால் ஒரு நிபந்தனை! பொருள்களை வைக்க முறையான அருங்காட்சியகம் கட்ட வேண்டுமாம். வீட்டுக்காரரைச் சிறைக்கு அனுப்பி வீட்டுப் பொருளை எடுத்துக்கொண்டவர், "திருப்பித் தருகிறேன், அதற்கு முன் என் வீட்டைப் போல ஒரு வீடு கட்டிக் காட்டு" என்கிறார்! பாதுகாப்புக்காகச் சொன்னோம் என்பார்கள். பறித்தபோது திருச்சபைக் கூடத்துப் பலகையிலே கிடந்தனவே, அப்போது எங்கே போயிற்று இந்தப் பாதுகாப்புக் கவலை?

அந்த மக்கள் கட்டினார்கள். கேப் மட்ஜ் ஊரிலே 1979-இல் ஒன்று. அலர்ட் பேயிலே 1980 நவம்பர் முதல் நாள் மற்றொன்று. அலர்ட் பேயில் எழுந்த இல்லத்தின் பெயர் உமிஸ்டா. இந்த ஒரு சொல்லிலே அவர்கள் செய்திருக்கும் திறனாய்வுக்கு ஈடாக ஒரு நூல் எழுதினாலும் போதாது. முன்னாளில் எதிரிகள் படையெடுத்து வந்து மக்களைச் சிறைபிடித்துச் செல்வதுண்டு. அவர்கள் பின்னர் மீட்கப்பட்டோ, பணயம் கொடுத்து விடுவிக்கப்பட்டோ வீடு திரும்பினால், அவர்களுக்கு 'உமிஸ்டா' உண்டாயிற்று என்பார்களாம். அருங்காட்சியகத்தார் 'மாற்றி அளித்தல்' என்று எழுதிக்கொள்ளட்டும், 'நல்லெண்ணம்' என்று எழுதிக்கொள்ளட்டும். உரியவர் இட்ட பெயர், சிறை மீண்டவர் என்பது!

நிபந்தனையை நிறைவேற்றியவர்கள், அதன் கருத்தை ஏற்கவில்லை. உமிஸ்டாவில் அந்தப் பொருள்களைக் கண்ணாடிப் பெட்டிக்குள் அடைக்கவில்லை. இத்தனை ஆண்டு அடைபட்டுக் கிடந்தது போதும் என்று திறந்த வெளியிலே, பாட்லாச் விழாவில் அவை தோன்றும் வரிசையை ஒட்டி வைத்தார்கள். அந்த இல்லத்திற்குப் பக்கத்திலேதான் செங்கல் கட்டடமாக நின்றது புனித மைக்கேல் உண்டுறைப் பள்ளி, 1929-இல் கட்டியது. வீட்டிலிருந்து பிரிக்கப்பட்ட பிள்ளைகள் குவாக்வாலா பேசினால் தண்டனை பெற்ற இடம். 'உலக மக்கள் அனைவரும் காண்பதற்காகவே பெருநகர அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறோம்' என்று வாதாடுவோர் உண்டல்லவா? அந்தப் பள்ளியிலே அடைக்கப்பட்ட பிள்ளை தன் பாட்டியின் முகமூடியைக் காண ஒட்டாவா செல்ல வேண்டியிருந்தது. உலக மக்கள் பட்டியலில் அந்தப் பிள்ளை மட்டும் விடுபட்டுப் போனது போலும்! 2015-இல் அந்தக் கட்டடத்தை இடித்தார்கள்.

டொராண்டோ அருங்காட்சியகம் தன்னிடமிருந்தவற்றைத் தர 1988 ஆயிற்று. ஹையின் சேகரிப்பு பின்னர் அமெரிக்க அரசின் அருங்காட்சியகத்தோடு சேர்ந்தது. அங்கிருந்து சில 1993-இலும் சில 2002-இலும் வந்தன. 1922-இல் போன பொருளுக்கு 2002-இல் விடுதலை! சிறைக்குப் போன பெண்ணின் பேத்தி கிழவியாகும் காலம். அமெரிக்காவிலே 1990-இல், பழங்குடியினரின் எலும்பையும் புனிதப் பொருளையும் திருப்பித் தரவேண்டும் என்று சட்டம் வந்தது; 2024-இல் விதிகளை இறுக்கி, உரியவர் இசைவின்றிக் காட்சிக்கு வைக்கவும் கூடாது என்றபோதுதான், நியூயார்க்கின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் தன் கூடங்கள் இரண்டை மூடியது. தானே கனிந்த பெருந்தன்மை எவ்வளவு, சட்டம் பழுக்க வைத்தது எவ்வளவு என்று கணக்கிட்டுக்கொள்ளலாம்.

சட்டமும் இல்லாமல், நிபந்தனையும் இல்லாமல் தந்தவர் ஒருவர் உண்டு. பிரெஞ்சுக் கவிஞர் ஆந்திரே பிரெத்தோன் வைத்திருந்த பொருள்களிலே, கிரான்மரின் பாட்லாச்சைத் தொடர்ந்து பறிக்கப்பட்ட தலையணி ஒன்று இருந்தது. அவர் மகள் ஓப், 2003-இல் அதனை அலர்ட் பேக்குக் கொண்டுவந்து உரியவரிடமே ஒப்படைத்தார். ஒரு கவிஞர் பதவியிலிருந்து பறித்ததில் ஒரு பொருள், மற்றொரு கவிஞர் வீட்டிலிருந்து திரும்பிற்று.

இனி லண்டன். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திலும் இந்தப் பறிமுதல் பொருள்களில் ஒரு முகமூடி இருந்தது. 2005-இல் அது உமிஸ்டாவுக்கு வந்தது, எப்படி? கடனாக! நீண்டகாலக் கடன், காலம் முடியும்போது புதுப்பித்துக்கொள்ளும் கடன். தம் முகமூடியைத் தாமே கடன் வாங்கியவர்களாகக் கையெழுத்திட வேண்டும் உரியவர்கள். ஏன் என்று கேட்டால், 1963-ஆம் ஆண்டுச் சட்டம் எங்கள் கையைக் கட்டியிருக்கிறது, எதையும் நிலையாகக் கொடுத்துவிட முடியாது என்கிறார்கள். கட்டிய கை யாருடையது? பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தினுடையது. அதே நாடாளுமன்றம், மனித எலும்புகளைத் திருப்பித் தரலாம் என்று 2004-இல் வழி திறந்தது; நாஜிகள் யூதரிடமிருந்து பறித்த கலைப்பொருள்களைத் திருப்பித் தரலாம் என்று 2009-இல் மீண்டும் வழி திறந்தது. இரண்டும் நேர்மையான செயல்கள், வரவேற்கிறோம். ஆனால், அவிழ்க்கத் தெரிந்த முடிச்சு என்பது அதனால் தெளிவாகிவிட்டதல்லவா! ஏஜண்டு மிரட்டிப் பெற்ற முகமூடிக்கு மட்டும் இன்னும் அந்த வழி திறக்கப்படவில்லை. அலர்ட் பேக்குச் சென்ற அந்த முகமூடி, லண்டன் பேரேட்டிலே இரவல் கொடுத்த பொருளாகவே எழுதப்பட்டது.